டர்னர் கூலி கொட்டேஷனிலேயே முடிவாகிவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘லேத்துக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கேட்கிற சம்பளம் கட்டுப்படியாவதில்லை’ என்ற குறை கோவைக் குறுந்தொழில் செய்திகளில் அடிக்கடி வருகிறது. ஆள் பற்றாக்குறை உண்மைதான். கட்டுப்படியாகாததற்குக் காரணம் மட்டும் பல பட்டறைகளில் டர்னர், அதாவது லேத் என்ற கடைசல் மிஷினை ஓட்டுபவர், கேட்கும் கூலி அல்ல, பட்டறைக்காரர் கம்பெனிக்குக் கொடுத்த கொட்டேஷன், அதாவது விலைப்புள்ளி. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கத்து ஜாப் ஆர்டர் (கம்பெனிகளுக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும்) பட்டறைகளில் பல, ஒரு காலத்தில் டர்னராக இருந்தவர் சொந்தமாக ஒரு லேத் வாங்கிப் போட்டு ஆரம்பித்தவை. அவரே மிஷினில் நிற்கிறார். கொட்டேஷன் போடும்போது கரண்ட், வாடகை, டூல், கடன் தவணை எல்லாவற்றையும் சேர்க்கிறார். தன் கூலியைச் சேர்ப்பதில்லை. மிஞ்சுவதெல்லாம் நமக்குத்தானே என்ற நினைப்பு. இரண்டாவது லேத் வாங்கி அதில் ஒரு ஆளை நிறுத்தும்போதுதான் அந்த ரேட்டுக்குள் ஒரு மனிதனின் கூலியே இல்லை என்று தெரிகிறது. அதன் பிறகு வருகிற டர்னர் எல்லாம் ‘அதிகம் கேட்கிறவர்’ ஆகிவிடுகிறார்.

ஆகவே ஆள் தேடுவதற்கு முன் பேப்பரில் கணக்குப் போட வேண்டும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 800 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் 20,800. பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் இ.எஸ்.ஐ. உண்டு, முதலாளி பங்கு 3.25 சதவீதம், 676 ரூபாய். பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் கூலி, 26-ஆல் வகுத்த கணக்கில். அது 12,000, மாதத்துக்கு 1,000. ஐந்து வருடம் கழித்துத்தானே கொடுக்கப் போகிறோம் என்று இதை ஒதுக்காமல் விட்டவர்கள்தான் பழைய ஆள் கணக்கு முடிக்கும்போது கடன் வாங்க ஓடுகிறார்கள். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கும் பட்டறை என்றால் அதற்கு மாதம் 1,733. காலையும் மாலையும் டீ, வடை நாளுக்கு 40 என்றால் 1,040. மொத்தம் 25,249 ரூபாய்.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. 26 நாள், 8 மணி நேரம், 208 மணி என்று வகுத்துவிடுகிறார்கள். குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அதோடு ஐந்து பண்டிகை என்று தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை. சம்பளத்துடன் கூடிய லீவு 12 நாள் என்று வைத்தால் மாதத்துக்கு 1.75 நாள் கழிகிறது. மிச்சம் 194 மணி. அதில் செட்டிங் (அடுத்த வேலைக்கு மிஷினைத் தயார் செய்வது), டூல் பிடிப்பது, மெட்டீரியலுக்குக் காத்திருப்பது, கரண்ட் போவது எல்லாம் போக முக்கால் பங்குதான் பில்லில் ஏறும் நேரம். அது 145 மணி. 25,249-ஐ 145-ஆல் வகுத்தால் 174 ரூபாய். நாள் கூலி 800-ஐ எட்டால் வகுத்து ‘மணிக்கு நூறு’ என்று கொட்டேஷன் போட்டவர் ஒவ்வொரு மணிக்கும் 74 ரூபாயைக் கையிலிருந்து போடுகிறார். ஆட்கள் இருபதைத் தொட்டுவிட்டால் பி.எஃப். வரும். 15,000 உச்சவரம்பில் கட்டினாலும் நிர்வாகச் செலவோடு மாதம் 1,950. மணிக்கு 187 ரூபாயைத் தாண்டும். மிஷின் தேய்மானம், கரண்ட், வாடகை, லாபம் எதுவும் இதில் இல்லை. இது ஆளுக்கான பங்கு மட்டும்.

அடுத்தது, ‘பக்கத்துப் பட்டறையில் என்ன தருகிறார்கள்’ என்ற விசாரணை. கேட்பது தப்பில்லை, ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ‘அங்கே 1,200 தருகிறார்கள்’ என்பார்கள். விசாரித்தால் 12 மணி நேர ஷிப்டாக இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் நான்கு மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். அப்படியானால் அந்த 12 மணி நேரம் 16 மணி நேரக் கூலிக்குச் சமம். 1,200-ஐ 16-ஆல் வகுத்தால் மணிக்கு 75, எட்டு மணி நேரத்துக்கு 600. எட்டு மணி நேரத்துக்கு 800 தரும் பட்டறைதான் அதிகம் தருகிறது. ஆனால் ஆள் 1,200 பக்கம்தான் போவார், ஏனென்றால் இந்தக் கணக்கை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வேலைக்குப் பேசும்போது ‘எட்டு மணி நேரத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு’ என்று இரண்டு எண்களையும் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலி தரைமட்டம், அதற்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். டிராயிங் படித்து, தானே டூல் தீட்டி, மைக்ரானில் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேலை செய்யும் ஆளுக்கு அதையே நியாயக் கூலி என்று நீட்டினால் அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அப்படியானால் 700-க்கும் 900-க்கும் உள்ள வித்தியாசத்தை எதை வைத்து முடிவு செய்வது? எத்தனை வருட அனுபவம் என்பதை வைத்து அல்ல. பத்து வருடம் ஒரே புஷ்ஷைக் கடைந்தவர்களும் உண்டு. ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு இரண்டு வருடம். அந்தச் சான்றிதழ் அடிப்படை தெரியும் என்று மட்டும் சொல்லும். அரை நாள் சோதனை வேலை கொடுத்துப் பார்ப்பதே சரி. அந்த அரை நாளுக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். ஓசியில் சோதனை வைக்கும் பட்டறைக்கு நல்ல ஆள் இரண்டாவது முறை வரமாட்டார்.

சோதனைக்கு 40 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளத்தில் ஒரு இ.என்.8 எஃகு ரவுண்டு பார் போதும். ஒரு பக்கம் 30 மி.மீ. தண்டு, 30-ஐத் தாண்டக் கூடாது, கீழே 21 மைக்ரான் வரை போகலாம். மறுபக்கம் எம்24, 3 பிட்ச் த்ரெட் (24 மி.மீ. விட்டத்தில், புரிக்குப் புரி 3 மி.மீ. இடைவெளி உள்ள மரை). கூடவே ஒரு வார்ப்பிரும்புத் துண்டில் 25 மி.மீ. போரிங் (துளையை உள்ளே கடைவது), 25-க்குக் குறையக் கூடாது, மேலே 21 மைக்ரான். முடிந்த பிறகு அளந்து பார்ப்பதோடு நிற்காமல், செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது முக்கியம். முதலில் டிராயிங்கைப் பார்க்கிறாரா, துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கைப் பார்க்கிறாரா? ஃபோர் ஜா சக்கில் டயல் கேஜ் வைத்து, துண்டு மையம் விலகாமல் சுற்றுகிறதா என்று ஓட்டம் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கிறது? டூல் முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாரா? பிசிர் எடுத்தாரா? சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் பக்கம் கை போனால், அவர் எவ்வளவு நன்றாகக் கடைந்தாலும் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்தச் சாவி பறந்து வந்து அடித்தால் எந்தக் கூலிக் கணக்கும் நிற்காது.

அளக்கிற நேரம்தான் ஆளைக் காட்டும். கடைசி வெட்டு முடிந்து ஜாப் (கடையும் துண்டு) சூடாக இருக்கும்போதே மைக்ரோமீட்டரை வைத்து ‘சைஸ் வந்துவிட்டது’ என்பவர் உண்டு. சுற்றுச் சூட்டைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் 30 மி.மீ. இரும்புத் தண்டு 10 மைக்ரான் பெரிதாகக் காட்டும். கொடுத்த இடமே 21 மைக்ரான். அதில் பாதி சூட்டிலேயே போய்விட்டது. சூட்டில் கீழ் வரம்பை ஒட்டிச் சரியாக இருந்த ஜாப், ஆறிய பிறகு கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனில் அண்டர்சைஸ். விஷயம் தெரிந்தவர் கூலன்ட் ஊற்றி, துடைத்து, ஒரு நிமிஷம் விட்டு அளப்பார். அந்த ஒரு நிமிஷத்தை ‘மெதுவான ஆள்’ என்று முதலாளி தப்பாக எண்ணிவிடக் கூடாது.

த்ரெட்டும் அப்படித்தான். பட்டறைகளில் உள்ள பழைய லேத்துகளில் பலவற்றுக்கு லீட் ஸ்குரூ (த்ரெட் வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) அங்குலக் கணக்கு, 4 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு நாலு புரி. அதில் மில்லிமீட்டர் பிட்ச் வெட்ட 127 பல் கியர் போட வேண்டும். ஒரு வெட்டு முடிந்ததும் ஹாஃப் நட்டை (டூல் உட்காரும் கேரேஜை லீட் ஸ்குரூவோடு பிணைக்கும் நட்) திறக்காமல், டூலைப் பின்வாங்கி, மிஷினை ரிவர்ஸில் ஓட்டித் திரும்ப வர வேண்டும். வழக்கம்போல ஹாஃப் நட்டைத் திறந்து கேரேஜைக் கையால் தள்ளுகிறவருக்கு அடுத்த வெட்டிலேயே த்ரெட் மேல் த்ரெட் ஏறிவிடும். கியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ‘127 இருக்குங்களா?’ என்று கேட்கும் ஆளிடம் கூலி பேரம் பேசத் தேவையில்லை.

டூல் தீட்டுவதையும் பார்த்துவிட வேண்டும். பிரேஸ் செய்த (டூல் நுனியில் பற்றவைத்த) கார்பைடு டிப்பைச் சாதா சாம்பல் நிறச் சக்கரத்தில் பிடித்து, சூடேறியதும் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத முடி விரிசல் விழும். வெட்டும்போது சில்லு பெயரும். கார்பைடுக்குப் பச்சைச் சக்கரம் என்று தெரிந்தவரால் மாதா மாதம் டூல் கடைக்குப் போகும் பணம் குறையும். இன்செர்ட் (கழற்றி மாற்றும் வெட்டுமுனை) டூலிலும் இதேதான். டி.என்.எம்.ஜி. என்ற முக்கோண இன்செர்ட்டுக்கு மேலும் கீழுமாக ஆறு முனை. மூன்று முனையோடு தூக்கிப் போடுகிறவர் விலையில் பாதியைக் கடைசல் சுருளோடு கூட்டித் தள்ளுகிறார்.

இவ்வளவையும் ரூபாயாக மாற்றிப் பார்க்கலாம். ஒருவர் செட்டிங்குக்கு 60 நிமிஷம் எடுக்கிறார், இன்னொருவர் 25 நிமிஷம். சின்னச் சின்ன ஆர்டர் எடுக்கும் பட்டறையில் நாளுக்கு மூன்று செட்டிங் சாதாரணம். மிச்சமாவது நாளுக்கு 105 நிமிஷம், மாதம் 45 மணி நேரம். அந்த நேரத்தில் பாதிக்குத்தான் வேலை கிடைக்கிறது, மிஷினுக்குக் கம்பெனி தரும் வாடகை மணிக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 6,750 வருகிறது. அந்த ஆள் நாளுக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கேட்டால் மாதம் 2,600, இ.எஸ்.ஐ., பணிக்கொடை, போனஸ் சேர்த்தால் 3,000-ஐ ஒட்டி வரும். கொடுத்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. நாளெல்லாம் ஒரே ஜாப் ஓடும் பட்டறைக்கு இதே ஆள் தேவையில்லை. அங்கே செட்டிங் வாரத்துக்கு ஒன்று. 100 ரூபாய் கூடுதல் வீண். ஊரில் இதுதான் ரேட் என்று ஒரே எண்ணைச் சொல்வதில் உள்ள கோளாறு இதுதான்.

ரிஜெக்‌ஷன் கணக்கு இன்னும் உறைக்கும். கம்பெனி கொடுக்கும் காஸ்டிங் (வார்ப்புத் துண்டு) ஒன்றின் விலை 380 ரூபாய், கடைசல் கூலி 18 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வீணானால் கம்பெனி பில்லில் 380-ஐக் கழித்துக்கொள்ளும். 21 காஸ்டிங் கடைந்த கூலி போனது. ஆனால் அதை டர்னர் தலையில் கட்டுவதற்கு முன், வீணான ஜாப்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். போரிங் சுவரில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி இருந்தால் அது வார்ப்படச் சாலையின் ப்ளோஹோல் (வார்ப்பில் காற்று அடைத்த குழி). ஒரு இடத்தில் மட்டும் பளபளவென்று கண்ணாடி போலிருந்து, அங்கேயே இன்செர்ட் முனை உடைந்திருந்தால் ஹார்ட் ஸ்பாட் (வார்ப்பில் கெட்டிப்பட்ட இடம்). இரண்டுக்கும் டர்னர் பொறுப்பல்ல. வார்ப்படக்காரருக்குத் திருப்பி அனுப்பலாம். சைஸ் போனது மட்டும்தான் மிஷின் பக்கத்துத் தவறு, அதிலும் தேய்ந்த கேஜைக் கொடுத்திருந்தால் முதலாளியின் தவறு. அலட்சியத்தால் நேர்ந்த நஷ்டத்துக்கு மட்டுமே, ஆளிடம் விளக்கம் கேட்ட பிறகே, சம்பளத்தில் பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருப்பதை இன்னும் பல பட்டறைகள் கவனிக்கவில்லை.

பீஸ் ரேட் (ஜாப் எண்ணிக்கைக்குக் கூலி) பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளியே வேகமாக ஒரு ஜாப் கடைந்து காட்டி ‘நாலு நிமிஷம்’ என்று ரேட் போடக் கூடாது. பழகிய ஆள் தன் இயல்பில் பத்து ஜாப் செய்யட்டும், சராசரி எடுங்கள். 6 நிமிஷம் வந்தால், தண்ணீர் குடிப்பது, சுருள் அள்ளுவது, இன்செர்ட் திருப்புவது என்று 15 சதவீதம் சேர்த்து 6.9 நிமிஷம். எட்டு மணி நேரத்துக்கு 69 ஜாப். 800-ஐ 69-ஆல் வகுத்தால் 11 ரூபாய் 60 காசு. செட்டிங் நேரத்துக்கும் கரண்ட் போன நேரத்துக்கும் மணிக் கூலி தனி. இதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஆள் தானாக ஒரு ஸ்டாப்பர் (டூலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்தும் தடை) செய்து வைத்து 69-ஐ 90 ஆக்குவார். மாதக் கடைசியில் முதலாளி, ‘நாளுக்கு 1,044 ரூபாய் வாங்குகிறாயே’ என்று ரேட்டை 9 ரூபாய்க்கு இறக்குவார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் யாரும் 69-க்கு மேல் காட்டமாட்டார்கள். ஸ்டாப்பர் டூல் பெட்டிக்குள் போய்விடும். 90 ஓடியபோது ஒவ்வொரு ஜாப்பின் மேலும் விழுந்த வாடகை, தேய்மானம் குறைந்ததே, அந்த லாபம் முதலாளிக்குத்தானே போனது? டிராயிங், மெட்டீரியல், மிஷின், டூல் இவற்றில் ஒன்று மாறினால் ஒழிய ரேட்டைத் தொடக் கூடாது என்று முதலிலேயே எழுதி வைப்பது நல்லது.

அறை கொடுக்கிறோம் என்று வடமாநில ஆட்களுக்கு நாளுக்கு 150 ரூபாய் குறைப்பதையும் கணக்கில் பார்த்துவிடலாம். 6,000 ரூபாய் வாடகை அறையில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 1,500. குறைப்பதோ 26 நாளுக்கு 3,900. மிச்சம் 2,400-க்கு ஒரே பெயர்தான், அதை இங்கே எழுத வேண்டாம்.

முன்பணம் இல்லாமல் இன்று ஆள் எடுப்பது கஷ்டம். 50,000 கொடுத்தால் மாதம் 2,500 வீதம் 20 மாதம், வட்டி கிடையாது, சம்பளச் சீட்டில் தனியாக எழுத வேண்டும். முன்பணம் வாங்கிவிட்டார் என்பதற்காகக் கூலியைக் குறைப்பதோ, வேறு இடம் போகிறேன் என்பவரை அதைக் காட்டி நிறுத்தி வைப்பதோ கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எட்டிப் பார்க்கும் இடம். விலகும் ஆளுக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம்.

சம்பளம் ஏற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. இ.எஸ்.ஐ. உச்சவரம்பு 21,000. நாளுக்கு 800 வாங்கியவருக்கு 820 ஆக்கினால் மாதம் 21,320. நடப்பு ஆறு மாதக் காலம், அதாவது செப்டம்பரோ மார்ச்சோ முடியும்வரை இ.எஸ்.ஐ. தொடரும், அதன் பிறகு நின்றுவிடும். 20 ரூபாய் உயர்வுக்காக வைத்தியச் செலவும், வேலையில் விரல் போய் வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு வரும் 90 சதவீதச் சம்பள உதவித்தொகையும் போய்விடுகின்றன. டர்னர் வேலையில் விரல் என்பது வாய்ப்பேச்சு அல்ல. ஏற்றுவதானால் குடும்ப மருத்துவக் காப்பீட்டுத் தவணையையும் சேர்த்து ஏற்ற வேண்டும். முதலாளி தன் பக்கம் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி எடுத்துவிட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் பட்டறைகளுக்கு இந்தப் பாலிசி முதல் நாளிலிருந்தே தேவை.

இத்தனைக்கும் பணம் எங்கே என்றால், திரும்பவும் கொட்டேஷனுக்குத்தான் வர வேண்டும். மணிக்கு 174 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி பர்ச்சேஸில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு. ‘இன்னொருவர் ஒரு ஜாப்பை 16 ரூபாய்க்குத் தருகிறார்’ என்றதும் 18-ஐ 15 ஆக்கிவிட்டு வருகிறார்கள். அந்த மூன்று ரூபாய் டர்னரிடமிருந்துதான் வர வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது. பில் பணமும் 90 நாள், 120 நாள் என்று இழுக்கிறது. மத்திய அரசின் உதயம் (Udyam) பதிவு உள்ள குறு, சிறு தொழிலுக்குக் கம்பெனி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. காலத்தில் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் கம்பெனி வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும் என்ற விதியும் வந்துவிட்டது. பில்லிலேயே உதயம் எண்ணை அச்சடித்தால் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு இது தானாக ஞாபகம் வரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் மாறுகிறது. பொறியியல் தொழிலுக்கான அடிப்படைக் கூலியையும் புதிய பஞ்சப்படியையும் சேர்த்து, நாள் கூலி எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மணிக்கு எவ்வளவு என்று அந்த வாரமே கோவைப் பதிப்பில் ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள். வெட்டி எடுத்து டூல் ரூம் சுவரில் ஒட்டும் அளவுக்கு இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பட்டறைக் கணக்கு எழுதுபவர் ஒருவர்,
கணபதி, கோவை.